கவருக்கு வாரண்டி, விழுவது போன்

பெரம்பலூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில் பேக் கவர் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கீழ விழுந்தா உடையாதுல்ல?" கடைக்காரர் டெம்பர் கிளாஸ் ஒட்டும் வேலையிலிருந்து நிமிராமலேயே பதில் சொல்வார்: "அது விழுற விதத்தப் பொறுத்துண்ணே." கேட்டவருக்கு இது நழுவல் பதிலாகத் தோன்றும். ஆனால் அந்தக் கடையில் எழுதியும் பேசியும் கிடைக்கிற அத்தனையிலும் அறிவியலுக்கு நெருக்கமானது இந்த வாக்கியம்தான். கவர் வந்த பெட்டியில் 'மிலிட்டரி கிரேடு' என்றும், இத்தனை அடி உயரத்திலிருந்து போட்டுச் சோதித்தது என்றும் கொட்டை எழுத்தில் இருக்கும். 'விழுகிற விதம்' பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது.

கொஞ்சம் விலை கூடின கவரோடு வாரண்டி அட்டை ஒன்றும் வரும். பலர் அதைப் பெட்டியோடு சேர்த்துக் கடை வாசலிலேயே வீசிவிடுகிறார்கள். எடுத்துப் படித்தால், பிராண்டு எதுவானாலும் சாரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் கவரை மாற்றித் தருவார்கள். தேய்மானம், நிறமாற்றம், கீறல், தவறாகப் பயன்படுத்தியது, விபத்து இவை சேராது. உள்ளே இருந்த போனுக்கு என்ன ஆனாலும் அவர்கள் பொறுப்பில்லை. விபத்துக்காகவே வாங்குகிற பொருள். அதன் வாரண்டியிலேயே விபத்துக்கு விலக்கு! போனோடு வந்த வாரண்டியும் கீழே போட்டதை ஏற்காது. சட்டைப்பையிலிருந்து நழுவிய போன் தரையைத் தொட ஏறக்குறைய அரை நொடி ஆகும். அந்த அரை நொடி இரண்டு வாரண்டிகளுக்கும் வெளியே கழிகிறது. தனியாகப் பணம் கட்டி எடுக்கும் சேதப் பாதுகாப்புத் திட்டம் இருந்தால் மட்டும் பிழைத்தோம்.

இதில் வியாபாரத் தந்திரம் உண்டு. ஆனால் முழுக்கத் தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. விழுந்த போன் உடையாது என்று எழுதிக் கொடுக்க இயற்பியலே இடம் தருவதில்லை. இயற்பியல் எங்கே முடிகிறது, தந்திரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கப் பெரம்பலூரும் அரியலூரும் நல்ல இடங்கள். முன்னதில் கல் உடைக்கிறார்கள், பின்னதில் சிமென்ட் அரைக்கிறார்கள். நம் போன்கள் கடைசியில் போய் விழுவது இவை இரண்டும் சேர்ந்த கலவையின் மேல்தான்.

கணக்கைப் பார்த்துவிடலாம். போனின் எடை 200 கிராம், நழுவிய உயரம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 4.85 மீட்டர், அதாவது மணிக்குப் பதினேழு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அப்போது அது சுமந்திருக்கும் ஆற்றல் 2.4 ஜூலுக்கும் கொஞ்சம் குறைவு. பெரிய ஆற்றலே இல்லை. எவ்வளவு குறுகிய தூரத்துக்குள் இந்த ஆற்றல் தீர வேண்டியிருக்கிறது என்பதுதான் சிக்கல். விழுந்த தூரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், சராசரி அதிர்வு புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். 1.2 மீட்டர் விழுந்து, 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் 1200 மடங்கு. அந்தக் கணத்தில் 200 கிராம் போனின் மேல் 240 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம். அதே போன் 3 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றால் 400 மடங்கு, 80 கிலோ. கவர் செய்கிற வேலை முழுவதும் இந்த வகுத்தல் கணக்கில் கீழே உள்ள எண்ணைக் கொஞ்சம் கூட்டுவதுதான்.

கவரின் எல்லையும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கவர் மூன்று மில்லிமீட்டர் அமுங்க முடியாது. முழுக்க அமுங்கிய பிறகு அது வெறும் தகடு. மீதி வேகத்தைப் போன் நேரடியாகத் தரையிடம் கொடுத்துவிடும். சரி, மிருதுவாகச் செய்யலாமே என்றால், மிருதுவான கவர் சின்ன விழுதலை அழகாகத் தாங்கிவிட்டுப் பெரிய விழுதலில் சட்டென்று அடிதட்டிவிடும். கெட்டியாகச் செய்தால் பெரிய விழுதலுக்குக் கொஞ்சம் உதவும், சின்ன விழுதலில் அமுங்காமலே அதிர்வைக் கடத்திவிடும். எல்லா உயரத்துக்கும் சரிவருகிற மென்மை என்று ஒன்று கிடையாது. ஒரு வடிவமைப்பாளர் ஏதாவது ஓர் உயரத்தை மனதில் வைத்துத்தான் செய்ய முடியும். நான்கு மூலைகளிலும் குமிழ்போலக் காற்றுப்பை வைத்த கவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூலையில் மட்டுமாவது நிற்கும் தூரத்தைக் கூட்ட அவர்கள் செய்யும் முயற்சி அது. பார்க்க நன்றாக இல்லை என்று பலர் ஒதுக்கும் அந்த மாடல்தான் கணக்குப்படி சற்று யோக்கியமானது.

இன்றைய கவர்களில் பாதிக்கு மேல் டிபியு என்கிற பொருளால் ஆனவை என்று கடைகளைப் பார்த்தாலே தெரியும். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். சூடாக்கி உருக்கி அச்சில் வார்க்கலாம், ஆறியபின் ரப்பர்போல வளையும். அமுங்கும்போது வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பித் தராமல் உள்ளுக்குள்ளேயே வெப்பமாக்கிவிடுவது இதன் சிறப்பு. பெரம்பலூர் மாவட்டத்துக்கு இந்த வகைப் பொருட்கள் புதியவை அல்ல. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. 2023 நவம்பரில் எறையூர் சிப்காட்டில் திறந்த காலணிப் பூங்காவில் கிராக்ஸ் செருப்புகள் உருவாகின்றன. டயரும் செருப்பும் போன் கவரும் செய்பவர்கள் எதிர்கொள்வது ஒரே கேள்வியைத்தான்: வாங்குகிற அடியில் எவ்வளவைத் திருப்பித் தருவது, எவ்வளவை விழுங்குவது? வேறுபாடு தடிமனில்தான். செருப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கொடுக்க யாரும் தயங்குவதில்லை. போனுக்கு இரண்டு மில்லிமீட்டர் கூடினாலே "என்னங்க செங்கல் மாதிரி இருக்கு" என்று கவரைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

இனி அந்த 'மிலிட்டரி கிரேடு'. இதன் பின்னால் உண்மையான ஆவணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனைத் தரம். ராணுவக் கருவிகள் வெப்பம், தூசி, ஈரம், அதிர்ச்சி போன்றவற்றை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கும் முறைகளின் தொகுப்பு அது. 2008இல் வெளிவந்த 810ஜி பதிப்பில் 516.6 என்ற முறையின் கீழ் விழுதல் சோதனை வருகிறது. உயரம் 4 அடி. 26 முறை போட வேண்டும். ஒரு பெட்டிக்கு முகங்கள் ஆறு, விளிம்புகள் பன்னிரண்டு, மூலைகள் எட்டு; கூட்டினால் 26. எல்லாக் கோணத்திலும் ஒருமுறை விழ வேண்டும் என்ற கணக்கு. இதுவரை பிசகில்லை.

கொட்டை எழுத்தில் வராத விவரங்கள் இரண்டு. முதலாவது, இந்த 26 விழுதல்களை ஒரே மாதிரிப்பொருள் தாங்க வேண்டியதில்லை. ஐந்து மாதிரிகள் வரை பகிர்ந்துகொள்ள அனுமதி உண்டு. ஆளுக்கு ஐந்தோ ஆறோ விழுந்தால் போதும். இரண்டாவது விவரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விழுகிற தரை, கான்கிரீட்டின் மேல் வைத்த இரண்டு அங்குல பிளைவுட். கல் இல்லை, மணல் இல்லை, ஜல்லி இல்லை, சமதளமான மரப்பலகை. போதாததற்கு, இந்தத் தரத்தில் ஒரு போன் கவர் தேறியது என்று அமெரிக்க ராணுவம் சான்றிதழ் எதுவும் கொடுப்பதில்லை. தயாரிப்பாளர் தானே சோதித்தோ, ஓர் ஆய்வகத்துக்குக் காசு கொடுத்துச் சோதித்தோ, தானே அச்சடித்துக்கொள்கிறார். சோதனை பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் உயரத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தரையைப் போடாமல் விட்டால், பாதிக் கணக்கை மட்டும் காட்டியதாகிறது.

தரை எவ்வளவு மாற்றம் செய்யும்? போன் கண்ணாடி செய்யும் கார்னிங் நிறுவனத்தின் அறிவிப்புகளிலேயே விடை இருக்கிறது. 2020இல் வந்த கொரில்லா கிளாஸ் விக்டஸ், கெட்டியான சொரசொரப்பான பரப்பில் 2 மீட்டர் வரை விழுந்து தாங்கியது என்றார்கள். 2022இல் விக்டஸ் 2 வந்தபோது அறிவிப்பின் தொனி மாறியது: தார்ச்சாலைபோல அமைத்த பரப்பில் 2 மீட்டர், கான்கிரீட்போல அமைத்த பரப்பில் 1 மீட்டர். போட்டியாளர்களின் கண்ணாடிகள் கான்கிரீட் வகைப் பரப்பில் அரை மீட்டரிலோ அதற்குக் கீழோ உடைந்தன என்றும் சேர்த்துக்கொண்டார்கள். விற்பவர் சொல்லும் எண்கள்தான், ஆய்வக எண்கள்தான். இருந்தாலும் கவனியுங்கள்: அதே கண்ணாடிக்கு, தார் மாறிக் கான்கிரீட் வந்தவுடன் உயரம் பாதியாகிவிட்டது. உலகத்திலேயே நல்ல போன் கண்ணாடி என்று சொல்லி விற்பவர்களே தரையைப் பார்த்துத்தான் உயரம் சொல்கிறார்கள்.

அரியலூரில் இருப்பவருக்கு இது தூரத்து ஆய்வகச் சமாச்சாரம் இல்லை. அரசு சிமென்ட் ஆலையில் தொடங்கி ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று அந்த மாவட்டத்தின் வரைபடமே சிமென்ட் ஆலைகளின் வரைபடமாகத்தான் இருக்கிறது. கல்லங்குறிச்சி போன்ற சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலில் வாழ்ந்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்து ஆனது. உள்ளே இருந்த மெல்லுடல் என்றோ போய்விட்டது, ஓடு மட்டும் கல்லாகிக் கிடக்கிறது. கவர் கம்பெனிகளின் வாரண்டி அட்டைக்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் கிடையாது; உறை நன்றாகவே இருக்கிறது, உள்ளே இருந்தது பற்றி யாரும் பொறுப்பேற்கவில்லை.

அந்தச் சிப்பி ஓடு அரைபட்டு, சுட்டு, சிமென்டாகி, பெரம்பலூர்ப் பக்கத்துக் கிரஷர் ஜல்லியோடும் மணலோடும் கலந்து நம் தெருவில் சிமென்ட் சாலையாகக் கிடக்கிறது. புதிதாகப் போட்டபோது அது ஓரளவு மழமழப்பாக இருக்கும். சில மழைக்காலமும் டிராக்டர் சக்கரங்களும் போனபிறகு குனிந்து பார்த்தால் வேறு காட்சி. மேலே பூசியிருந்த சிமென்ட் பால் தேய்ந்துபோய், ஜல்லியின் முனைகள் கருநீலமாகத் தலைகாட்டும்; இடையிடையே மணல்துகள்கள் மினுங்கும். கவரின் விளிம்பு கண்ணாடியைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருப்பதைத் தடவிப் பார்த்தால் உணரலாம். போன் குப்புற விழுந்தால் கண்ணாடி தரையைத் தொடக் கூடாது என்பதற்காக வைத்த வரப்பு அது. பிளைவுட்டின் மேல் அது கச்சிதமாக வேலை செய்யும். இரண்டு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லி முனைக்கு அந்த வரப்பு ஒரு பொருட்டே இல்லை. நேராக உள்ளே வந்து கண்ணாடியைக் குத்தும். முன்னே சொன்ன அமுங்கு தூரக் கணக்கு அந்த இடத்தில் செல்லாது, ஏனென்றால் அங்கே கவரே இல்லை.

குத்துப்பட்ட கண்ணாடிக்குள் நடப்பது இன்னும் சுவையானது. கண்ணாடி ஏன் அதன் அணுப்பிணைப்புகள் அனுமதிக்கும் வலிமையில் சிறு பங்கைக்கூடக் காட்டாமல் உடைகிறது என்ற கேள்விக்கு 1921இல் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் விடை சொன்னார். எல்லாக் கண்ணாடியிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. இழுவிசை வரும்போது அது விரிசலின் நுனியில் போய்க் குவிகிறது. குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிய விரிசல், வளர்வதற்கு வேண்டிய ஆற்றலை இழுபட்டு நிற்கும் கண்ணாடியிடமிருந்தே பெற்றுக்கொண்டு ஓடிவிடும். நீளம் குறைந்தது அப்படியே உறங்கும். போன் கண்ணாடி இந்த விரிசல்களை அமுக்கிவைக்கும் ஒரு வித்தையைச் செய்கிறது. சோடியம் அயனிகள் கொண்ட கண்ணாடியைச் சுமார் 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்குகிறார்கள். சோடியம் வெளியேற, அதைவிடப் பருமனான பொட்டாசியம் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காருகிறது. இதனால் மேற்பரப்பு முழுவதும் இறுக்கத்தில் இருக்கும். விரிசல் வாய் திறக்க வேண்டுமானால் முதலில் இந்த இறுக்கத்தை வெல்ல வேண்டும்.

ஆனால் அந்த இறுக்கமான தோல் மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் உட்பட்ட ஆழம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். கூரான மணல்துகள் ஒன்று அதைத் தாண்டிக் கீறிவிட்டால், அடியில் இருக்கும் இழுவிசைப் பகுதி விரிசலுக்குக் கதவைத் திறந்துவிடும். அந்தக் கீறல் இன்று விழுந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆறு மாதத்துக்கு முன் சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்தபோது விழுந்திருக்கலாம். ஆகவே ஒரே மாடல், ஒரே கவர், ஒரே உயரம், ஒரே தரை. ஒருவர் போன் நொறுங்குகிறது, மற்றொருவர் தூசி தட்டிப் பையில் போட்டுக்கொள்கிறார். அவர் கவரின் புகழ் பாடுவார், இவர் சபிப்பார். இரண்டுக்கும் கவர் பாதிக் காரணம்கூட இல்லாமல் இருக்கலாம். எளிதில் நொறுங்கும் பொருட்களின் வலிமை ஒற்றை எண்ணில் அடங்காது, அது ஒரு நிகழ்தகவுப் பரவல் என்று சுவீடனின் வலோடி வைபுல் 1939இல் கணக்காக எழுதிவைத்தார். இன்றும் பொறியாளர்கள் அந்தப் பரவலைத்தான் பயன்படுத்துகிறார்கள். 'இத்தனை அடியிலிருந்து விழுந்தால் நூற்றில் இத்தனை உடையும்' என்று சொல்ல அறிவியலுக்கு முடியும். 'உங்கள் போன் உடையாது' என்று சொல்ல முடியாது.

கடைக்காரர் சொன்ன 'விழுற விதம்' இத்தனையையும் உள்ளடக்கியது: கோணம், தரை, கண்ணாடியின் பழைய காயம். கவரின் வயதையும் அதில் சேர்க்க வேண்டும்.

வாரண்டி அட்டையில் 'தேய்மானம் சேராது' என்ற வரியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற ஒருவரின் போனிலிருந்து கவரைக் கழற்றிப் பாருங்கள். கேமரா ஓட்டையைச் சுற்றி, பட்டன்களின் இடுக்கில், சார்ஜர் துளையின் ஓரத்தில், வியர்வையில் குழைந்து காய்ந்த சாம்பல் நிறப் பசை ஒன்று வரிவரியாக ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் நறநறவென்று வரும். அதில் சுண்ணாம்புத் தூள் மட்டும் இருந்தால் பயமில்லை. ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடெரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவில் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் 3. போன் கண்ணாடி ஏறக்குறைய 6இல்தான் கீறத் தொடங்கும். ஆனால் கூடவே சாலைப் புழுதியும் வருகிறது. மாவட்டத்தின் தெற்கு எல்லையான கொள்ளிடத்தின் மணலாக இருந்தாலும் சாலையோரச் செம்மண்ணாக இருந்தாலும், அதில் குவார்ட்ஸ் இருக்கும். அதன் எண் 7. கவருக்கும் போனுக்கும் இடையில் சிக்கிய குவார்ட்ஸ் துகள், ஒவ்வொரு முறை நாம் போனை அழுத்திப் பிடிக்கும்போதும் உள்ளேயே இருந்து தேய்க்கும். கவர் போடாத போனில் அந்தத் துகள் உதிர்ந்திருக்கும். மாதம் ஒருமுறை கவரைக் கழற்றித் துடைக்காதவரின் போன், கவர் போட்டதாலேயே முதுகில் கீறல் வாங்கும். எந்த வாரண்டியும் இதைச் சொல்வதில்லை.

சிமென்ட் தூசிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரம் பட்டால் அது காரமாகும், பிறகு கெட்டியாகும். ஸ்பீக்கர் வலையில் படிந்து வியர்வையில் நனைந்து காய்ந்ததை ஊதி எடுக்க முடியாது. கவர்களின் கெட்டியான முதுகுப் பகுதிக்குப் பயன்படும் பாலிகார்பனேட்டுக்கும் காரம் ஆகாது.

பிறகு வெயில். வாங்கும்போது கண்ணாடிபோல இருந்த டிரான்ஸ்பரன்ட் கவர் ஓராண்டில் பழுப்பேறுவதற்கு அழுக்கு மட்டும் காரணம் இல்லை. மலிவான டிபியுவின் மூலக்கூறுகளில் உள்ள வளையங்கள் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் பட்டு உருமாறி மஞ்சள் நிறம் கொள்கின்றன. தேய்த்துக் கழுவினால் போகாது. புதிய கவர்களில் லேசான நீலச் சாயல் தெரிவது, வரப்போகும் மஞ்சளை முன்கூட்டியே மறைக்கச் சேர்த்த சாயம்தான். நிறம் மட்டும் மாறினால் பரவாயில்லை. நாள்பட வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் தன் நெகிழ்வையும் இழக்கத் தொடங்குகிறது. மூலையில் வெள்ளையாகக் கோடு விழுந்த கவர், பழைய கணக்கில் அமுங்காது. பெட்டியில் போட்டிருந்த உயரம், அச்சிலிருந்து வந்த புதுக் கவருக்கு அளந்தது.

சித்திரை வெயிலில் பைக்கின் ஹேண்டில் பாரில் மாட்டிய போனுக்குக் கவர் உதவுவதற்குப் பதில் இடைஞ்சல் செய்கிறது. வெப்பம் வெளியேற வேண்டிய முதுகில் அது போர்வை போர்த்துகிறது. 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூழலில் பயன்படுத்தினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிள் தன் வழிகாட்டியில் எச்சரிக்கிறது. சார்ஜ் ஏறும்போது போன் சூடானால் கவரைக் கழற்றிவிடச் சொல்கிறது. பெரம்பலூரில் 35 டிகிரி என்பது கோடையில் காலைப் பத்து, பதினொரு மணி வெயில்தான். அதே நிறுவனம் 2021 செப்டம்பரில் இன்னொன்றும் சொன்னது: அதிகத் திறனுள்ள மோட்டார் சைக்கிள்களில் நேரடியாக மாட்டினால், எஞ்சின் அதிர்வு கேமராவின் ஆட்டத்தைச் சமன் செய்யும் நுண்ணிய அமைப்பைக் கெடுக்கலாம். விழவே இல்லை, ஒரு கீறலும் இல்லை, படம் மட்டும் மங்குகிறது. இந்த மாதிரிச் சேதத்தைக் கவரின் கணக்கில் எழுதவே வழியில்லை.

தண்ணீர் விஷயத்தில் விளம்பரத்துக்கும் வாரண்டிக்கும் உள்ள இடைவெளி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஐபி68 என்ற குறியீட்டில் 6 தூசி புகாமையையும் 8 ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் தயாரிப்பாளர் குறிக்கும் நிபந்தனையில் மூழ்கித் தாங்குவதையும் சொல்கிறது. நிபந்தனையைக் குறிப்பவர் தயாரிப்பாளர், சோதனை நடப்பது அசையாத நல்ல நீரில். 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, ஆய்வகச் சூழலில் மட்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல், நீர் புகுந்தால் வாரண்டி இல்லை என்று மறுத்தது குற்றம் என்றார்கள். 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டு நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நீச்சல் குளத்திலும் கடலிலும் போனைப் பயன்படுத்துவதுபோல் படம் காட்டியிருந்தார்கள். நனைந்த நிலையில் சார்ஜ் போட்டால் துளை அரித்துப்போகும் வாய்ப்பு இருந்தது. இரண்டு வழக்குகளிலும் பொருள் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. சோதித்த சூழல் ஒன்று, காட்டிய சூழல் வேறு என்பதுதான் பிரச்சினை. பிளைவுட்டில் போட்டுப் பார்த்துவிட்டுப் பாறையில் விழுவதுபோல் படம் போடும் கவர் பெட்டிக்கும் இதே வாதம் பொருந்தும் என்பது என் கருத்து.

நம் ஊர்ச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, பொருள் பொறுப்பு என்ற புது அத்தியாயம் ஒன்றும் வந்தது. அதன் 84ஆம் பிரிவு, வெளிப்படையாகத் தந்த வாரண்டிக்கு ஏற்ப ஒரு பொருள் இல்லையென்றால் உற்பத்தியாளர் பொறுப்பு என்கிறது. அந்த வாரண்டியைத் தந்ததில் தனக்கு அலட்சியமோ மோசடி எண்ணமோ இல்லை என்று அவர் நிரூபித்தாலும் தப்ப முடியாது. படித்தவுடன் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். ஆனால் 'தீங்கு' என்றால் என்ன என்று விளக்கும் 2(22)ஆம் பிரிவைப் புரட்டினால் வேகம் குறைந்துவிடும். பொருளால் வேறொரு சொத்துக்கு ஏற்படும் சேதம் தீங்குதான். கவரைப் பொறுத்தவரை போன் வேறொரு சொத்து. ஆனால் அதே பிரிவின் பின்பகுதி, வாரண்டி நிபந்தனைகள் மீறப்பட்டதால் சொத்துக்கு வரும் சேதத்தைத் தீங்கிலிருந்து விலக்கிவைக்கிறது. முன்வாசலைத் திறந்துவிட்டுக் கொல்லைப்பக்கம் சுவர் எழுப்பியது போன்ற வரைவு. கவரால் காப்பாற்றப்படாத போனுக்கு இந்த வழியில் பணம் கேட்பது கடினம்.

இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 2(47)ஆம் பிரிவு முறையற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. ஒரு பொருளின் செயல்திறன் பற்றியோ ஆயுள் பற்றியோ, போதிய, முறையான சோதனையின் அடிப்படையில் இல்லாத உத்தரவாதத்தை மக்களுக்குத் தருவது அதில் ஒன்று. "சோதித்துத்தான் சொன்னோம்" என்று எதிர்த்தரப்பு வாதாடினால், அதை மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் தலையில்தான். நூற்றைம்பது ரூபாய் கவர் வாங்கியவர் ஆய்வகம் வைத்து நிரூபிக்க வேண்டியதில்லை. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பதும் இருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற முத்திரை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். வாங்கியது ஆன்லைனில், நிறுவனம் வேறு மாநிலத்தில் என்றாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் தனித்தனி நுகர்வோர் ஆணையங்கள் இருக்கின்றன. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். கவர் விலைக்கு அதிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. போனின் உடைந்த படத்தைவிட, பெட்டியின் படம், ஆன்லைன் விளம்பரத்தின் படம், பில், விழுந்த தரையின் படம் இவைதான் உதவும். பெட்டியில் '10 அடி' என்று இருந்தால், எந்தப் பதிப்பின் எந்த முறைப்படி, எத்தனை மாதிரிகளில், எந்தத் தரையின் மேல் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தச் சோதனை அறிக்கையைக் கொண்டுவந்து காட்ட வேண்டியவர் 10 அடி என்று அச்சடித்தவர்.